ஐந்து மாதம் மூடிய கண்

பதினேழாம் அறையிலிருந்து அழுகைச் சத்தம் வந்தால், அழுவது குழந்தையா, குழந்தையைக் கூட்டிவந்தவரா என்று எங்கள் தாழ்வாரத்தில் எல்லோரும் எட்டிப் பார்ப்போம். பாதி நாள் கூட்டிவந்தவராகத்தான் இருப்பார். உள்ளே இருக்கிற அம்மாவுக்கு அப்படி ஒரு வாய். மற்றவர்களுக்கு எப்போதாவது மூக்குக்கு மேல் வருகிற கோபம் அவருக்கு அங்கேயே குடியிருந்தது. இருபத்திரண்டு வருடமாக அவர் அறைக்கு எதிர் கவுண்டரில் உட்கார்ந்து கண்ணாடி மாட்டிக் கொடுக்கிறவன் நான். அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத எனக்கே கோபம் வருகிறது. அவர் மேல் கொஞ்சம், பெரிய டாக்டர் மேல் நிறைய, என் மேல் எவ்வளவு என்று சொல்லத் தெரியவில்லை.

குழந்தைகள் அவருக்கு வைத்த பெயர் பிளாஸ்திரியம்மா. அறைக் கதவில் ஆர்த்தாப்டிஸ்ட் என்று போட்டிருக்கும். அதை அரைகுறையாகப் படித்துவிட்டு, கையில் மாவுக்கட்டோடு சிலர் உள்ளே போய்விடுவார்கள். இங்கே கண்தான் பார்க்கிறோம், எலும்பு மூன்றாவது மாடியில் என்று வாரத்துக்கு இரண்டு பேரையாவது திருப்பி அனுப்புவார். அவர் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்கின்றனவா, ஒன்று எங்கேயாவது ஒதுங்குகிறதா, ஒதுங்கினால் எவ்வளவு என்று பார்ப்பது அவர் வேலை. கறுப்புக் கரண்டி மாதிரி ஒன்றால் ஒரு கண்ணை மூடுவார், எடுப்பார், அடுத்த கண்ணை மூடுவார். மூடி எடுத்த கண் ஒரு நூல் அளவு அசைந்தாலும் பிடித்துவிடுவார். பக்கவாதம் வந்து ஒரே வாசற்படி இரண்டாகத் தெரிகிற பெரியவர்களும் அவரிடம் வருவார்கள். ஆனால் வரிசையில் முக்கால்வாசி குழந்தைகள்தான்.

அந்தக் குழந்தைகளில் பலருக்கு இருப்பது சோம்பேறிக் கண். கண்ணில் ஒரு குறையும் தெரியாது. சின்ன வயதில் ஒரு கண் மங்கலான படத்தையே அனுப்பிக்கொண்டிருந்தால், மூளை அந்தக் கண்ணைச் சட்டை செய்யாமல் விட்டுவிடும். அதைத் திரும்ப வேலைக்கு இழுக்க ஒரு வழி, நல்ல கண்ணைப் பிளாஸ்திரி போட்டு மூடுவது. தினம் ஆறு மணி நேரம், மாதக்கணக்கில். ஏழு, எட்டு வயதுக்குள் செய்தால் பெரும்பாலும் பலன் உண்டு. அதைத் தாண்டத் தாண்ட மூளை பிடிகொடுக்காது. அவர் கோபத்துக்கெல்லாம் மூலம் இந்த வயதுக் கணக்குதான். ஒவ்வொரு குழந்தையைப் பார்க்கும்போதும் இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது என்றுதான் அவர் மனதுக்குள் ஓடும்.

பெற்றவர்களுக்கு அந்த அவசரம் புரியாது. கல்யாணத்துக்குப் போனோம், அதனால் நாலு நாள் ஒட்டவில்லை என்பார்கள். ஸ்கூலில் சிரிக்கிறார்கள் என்பார்கள். ஒருவர், பிளாஸ்திரியோடு குழந்தையைப் பார்த்தால் விருந்தாளிகள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டார். விருந்தாளியா வந்து இவளுக்குக் கண் தரப்போகிறார் என்று இவர் கேட்ட கேள்வி கீழே பார்மசி வரைக்கும் கேட்டது.

ஆஸ்பத்திரிக்கு வெளியேயும் அவரால் சும்மா இருக்க முடியாது. பஸ்ஸில் முன் சீட்டுக் குழந்தையின் கண் உள்ளே திரும்புகிறது என்று தாயிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வார். அவர் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர், சாதுவான மனிதர். முதல் முதலாகச் சந்தித்த அன்று இவர் அவரிடம் பேசிய முதல் வாக்கியம், களைப்பாக இருக்கும்போது உங்கள் இடது கண் வெளியே போகிறது என்பது. அவர் அதை எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். அன்றைக்கே ஓடியிருக்க வேண்டும், கண் சரியாகத் தெரியாததால் மாட்டிக்கொண்டேன் என்பார்.

ஒரு காலத்தில் அந்த அறையில் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். ஒருவர் ஓய்வு பெற்றார், இன்னொருவர் வேறு ஆஸ்பத்திரிக்குப் போனார். இரண்டு இடமும் காலியாகவே கிடந்தன. எங்கள் பெரிய டாக்டரிடம் கேட்டால் பார்க்கலாம் என்பார். கத்தி வைத்தால் ஆண்டறிக்கையில் ஏறும், பிளாஸ்திரி ஒட்டினால் எதில் ஏறும்? மூன்று பேர் பார்த்த கூட்டத்தை இவர் ஒருவரே பார்த்தார். காலை எட்டரைக்கு முன்னால் நாற்பது சீட்டு விழுந்துவிடும். அவர் டிபன் டப்பா திறக்காமலே வீட்டுக்குத் திரும்பிய நாட்கள் எனக்குத் தெரியும். இதையெல்லாம் எழுதுவது அவர் செய்த தப்புக்குச் சாக்குச் சொல்ல இல்லை. அந்தத் தப்புக்கு இடம் கொடுத்தவர் யார் என்று தெரிய வேண்டும், அதற்காக.

அப்படி ஒரு நாளில்தான் வாயாடி வந்தாள். அந்தப் பெயர் நான் வைத்தது. ஏழு வயது முடிய இரண்டு மாதம் இருந்தது. பார்க்கிற போர்டையெல்லாம் உரக்கப் படிப்பாள். கண் பார்வைக்கு நேராகத்தான் இருந்தது, அதனால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஸ்கூலில் ஒரு கண்ணை மூடிப் படிக்கச் சொன்ன அன்றுதான் குட்டு வெளிப்பட்டது. வலது கண்ணால் எட்டு வரியும் படித்தாள், இடது கண்ணால் இரண்டு வரிதான். அம்மா ஒரு பெரிய துணிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி வேலை பார்க்கிறவள். அப்பா லாரியோடு வெளியூரிலேயே கிடப்பவர். அம்மாதான் அரை நாள் லீவுக்கு மேனேஜரிடம் கெஞ்சிவிட்டு வந்திருந்தாள்.

பிளாஸ்திரியம்மா எல்லாம் விவரமாகச் சொன்னார். முதலில் கண்ணாடி, அது வந்ததும் ஒரு கண்ணை மூட வேண்டும், எந்தக் கண் என்று அன்றைக்குக் காட்டுகிறேன், முதல் பிளாஸ்திரியை நானே ஒட்டிக் காட்டுகிறேன் என்றார். அது அவருடைய சட்டம். முதல் தடவை அவர் கையால்தான் ஒட்டுவார். ஒட்டும் முன் குழந்தையின் புருவத்தைத் தொட்டு, இந்தக் கண் என்பார். தாயையும் தொடச் சொல்வார். இருபது வருடத்தில் அந்தச் சட்டம் ஒரு தடவையும் தவறியதில்லை. கண்ணாடி தயாரான வாரம் பெரிய டாக்டர் அவரைப் பத்து நாள் பள்ளிக்கூடங்களுக்குப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டார். அறை பூட்டியிருந்தது. அந்தத் தாய் மகளின் சிகிச்சைக் கோப்பை எடுத்துக்கொண்டு என் கவுண்டருக்கு வந்தாள். இன்னொரு அரை நாள் லீவு கிடைக்காது, நீங்களாவது ஒட்டிக் காட்டுங்கள் என்றாள்.

நான் ஒட்டினேன். தப்புக் கண்ணில் ஒட்டினேன்.

எப்படி என்று கேட்பீர்கள். கோப்பில் அவர் இரண்டு வட்டம் வரைந்து, மூட வேண்டிய கண்ணைக் கோடு போட்டு நிரப்பியிருந்தார். பக்கத்தில் வலது, இடது என்று எழுதுகிற இடம் வெறுமையாக இருந்தது. அன்றைக்கு நாற்பத்து மூன்று குழந்தைகள், எழுத நேரமில்லை, எப்படியும் தாமே ஒட்டப்போகிறோம் என்று விட்டுவிட்டார். அவர் குழந்தைக்கு எதிரே உட்கார்ந்து, கண்ணில் படுகிறபடி வரைகிறவர். தாளில் இடப்பக்கத்து வட்டம் என்றால் குழந்தையின் வலது கண். நான் கண்ணாடிச் சட்டத்தைக் கையில் எடுத்தால், போட்டுக்கொள்கிறவர் மாதிரி, காதுக் கம்பிகள் என் பக்கம் இருக்கும்படிதான் பிடிப்பேன். என் கைக்கு இடப்பக்கம் என்றால் இடது கண். எதிரெதிரே இருபது வருடம் உட்கார்ந்திருந்தோம், இந்த வித்தியாசம் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள அவசியமே வரவில்லை. ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். அவர் நம்பர் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியிலேயே இருந்தது. நான் போடவில்லை, எந்தக் கண் மங்கல் என்று தாயையும் கேட்கவில்லை; குறையுள்ள கண்ணுக்குத்தான் கட்டு என்று அவளும் நினைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து தினம் ஆறு மணி நேரம் மங்கலான கண் இருட்டில் கிடந்தது. நல்ல கண் ஜாலியாக ஊர் பார்த்தது.

இரண்டு மாதம் கழித்து அந்தத் தாய் குழந்தையோடு வந்தாள். பரிசோதனைக்கு வருகிறவர்கள் முந்தின நாள் சாயங்காலமே பிளாஸ்திரியை எடுத்துவிட வேண்டும், தோலும் கண்ணும் ஓய்வாக இருக்க வேண்டும் என்பது பதினேழாம் அறையின் இன்னொரு சட்டம். அதனால் எந்தக் கண் மூடியிருந்தது என்று அவர் பார்க்க வழியில்லை. இடது கண் அதே இரண்டு வரியில் நின்றது. அவர் குழந்தையின் கண்ணைச் சுற்றித் தோலைப் பார்த்தார். ஒரு சிவப்புத் தடம் கூட இல்லை. தினம் பிளாஸ்திரி உரிக்கிற தோல் இப்படியா இருக்கும் என்று கேட்டார். ராத்திரி எண்ணெய் தடவி விடுகிறேன் மேடம் என்றாள் அவள். ஒட்டும்போது அழுகிறாளா என்று கேட்டார். அழவே மாட்டாள், சமத்தாக இருப்பாள் என்று அந்தத் தாய் பெருமையாகச் சொன்னாள்.

அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. நல்ல கண்ணை மூடினால் எந்தக் குழந்தையும் முதல் வாரம் அழுது ஊரைக் கூட்டும். நிலைப்படியில் இடித்துக்கொள்ளும், பிய்த்து எறியும். அழாத குழந்தை என்றால் எங்கேயோ தவறு என்று அவரை விட நன்றாகத் தெரிந்தவர் யார்? தெரிந்தது. ஆனால் அவருக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது. அழவில்லை என்றால் ஒட்டவில்லை. தோல் சிவக்கவில்லை என்றால் ஒட்டவில்லை. இருபது வருடமாகப் பெற்றவர்கள் சொன்ன சாக்குகளைக் கேட்டுக் கேட்டு, உண்மை சொல்கிற ஒருத்தி முன்னால் வந்து நின்றபோது அவளையும் அதே கூட்டத்தில் சேர்த்துவிட்டார். திட்டித் தீர்த்தார். கோப்பில் சிவப்பு மையில் ‘வீட்டில் ஒத்துழைப்பு இல்லை’ என்று எழுதினார்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். தன் மகளின் இடது புருவத்தில் விரலை வைத்து, இப்படித்தானே ஒட்டச் சொன்னீர்கள், நான் சரியாகத்தானே செய்கிறேன் என்று கேட்டாள். நான் ஒரு மூக்குத் தாங்கியை மாற்றிக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஆமாம்மா, அப்படித்தான் என்றேன்.

நாலாவது மாத முடிவில் திரும்ப வந்தபோது இடது கண் ஒரு வரி கீழே இறங்கியிருந்தது. முதல் வரியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பிளாஸ்திரியம்மா அன்று கத்திய கத்தலில் வரிசையில் இருந்த குழந்தைகள் நாற்காலிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன. தாயை விட்டுவிட்டுக் குழந்தையைப் பிடித்துக்கொண்டார். அம்மா வேலைக்குப் போன பிறகு கழட்டிவிடுகிறாயா என்றார். இல்லை என்றாள் வாயாடி. ஸ்கூலில் கழட்டிவிடுகிறாயா என்றார். இல்லை என்றாள். நீ பொய் சொல்றது உன் கண்ணுலயே தெரியுது என்றார். தாய் தலையைக் குனிந்துகொண்டே இருந்தாள். சிவப்பு மை இரண்டாவது தடவை விழுந்தது, இந்தத் தடவை அடிக்கோடு போட்டு.

அடுத்த மாதம் அவர்கள் வர வேண்டிய தேதியே இல்லை. ஒரு காலை நேரம் தாழ்வாரத்தின் அந்தக் கோடியிலிருந்து வாயாடியின் குரல் கேட்டது. ‘கழிப்பறை’, ‘அமைதி காக்கவும்’, ‘செருப்பை இங்கே விடவும்’ என்று வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தாள். எதிரே வந்த சக்கர நாற்காலிக்கு அழகாக ஒதுங்கி வழிவிட்டாள். கண்ணில் பிளாஸ்திரி இருந்தது. சட்டத்தை மீறி ஒட்டியபடியே கூட்டி வந்திருந்தாள் அம்மா. தன்னை நம்பாதவரிடம் காட்டுவதற்காகவே வந்தாள். பதினேழாம் அறை வாசலில் நின்று, பாருங்க மேடம், வீட்டிலேயே ஒட்டித்தான் கூட்டிவருகிறேன், ஒரு தடவை கூடக் கை வைக்கவில்லை என்றாள்.

பிளாஸ்திரியம்மா குழந்தையைப் பார்த்தார். அவர் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

“இந்தக் கண்ணுல ஒட்டச் சொன்னது யாரு?”

அந்தத் தாய் திரும்பி என்னைக் காட்டினாள்.

அவர் கோப்பை எடுத்துவந்து என் கவுண்டரில் விரித்தார். கோடு போட்ட வட்டத்தின் மேல் விரலை வைத்தார். நானும் விரலை வைத்து, இடது என்றேன். அவர் வலது என்றார். பிறகு நான் என் முன்னால் இருந்த கண்ணாடிச் சட்டத்தைக் கையில் எடுத்தேன், அவர் அதைப் பிடுங்கித் தன் பக்கம் திருப்பினார். அப்போது புரிந்தது. அவர் குழந்தையின் பிளாஸ்திரியை மெதுவாக உரித்தெடுத்துவிட்டு, கொஞ்சம் பெஞ்சில் உட்காருங்கள் என்று தாயிடம் சொன்னார். என்னை இழுத்துக்கொண்டு பெரிய டாக்டர் அறைக்குப் போனார்.

பெரிய டாக்டர் கோப்பைப் புரட்டினார். அவருக்குக் கோபம் வரவில்லை, அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். ஒரு குழந்தையின் கண்ணை ஐந்து மாதம் தப்பாக மூடியிருக்கிறோம், மனிதர் டீயை ஆற்றிக் குடித்தபடி பக்கம் திருப்புகிறார். சிவப்பு மை இருந்த இடத்துக்கு வந்ததும் முகம் தெளிந்தது.

“ஒத்துழைப்பு இல்லன்னு ரெண்டு தடவை நீங்களே எழுதியிருக்கீங்க. அப்புறம் என்ன? இனிமே அடுத்த கண்ணை மூடணும்னு சொல்லுங்க. சிகிச்சையில அடுத்த கட்டம்னு சொல்லுங்க. அந்தம்மாவுக்கு என்ன தெரியப்போகுது?”

பூசி மெழுகுவதில் அவர் கை தேர்ந்தவர். புகார் என்று வந்தால் முதலில் இந்தப் பிரிவைத்தான் மூடுவார்கள், மற்ற குழந்தைகளின் கதி என்ன என்று யோசியுங்கள் என்று கரிசனமும் காட்டினார். பிளாஸ்திரியம்மா கேட்டுக்கொண்டே நின்றார்.

“நான் எழுதினது பொய், டாக்டர். அந்தம்மா ஒரு நாள் தவறாம ஒட்டியிருக்காங்க. நான் சொன்னதை அவங்களை மாதிரி யாருமே செஞ்சதில்ல. அவங்களைத்தான் நான் நிக்க வெச்சுத் திட்டியிருக்கேன்.”

பெரிய டாக்டர் என் பக்கம் திரும்பினார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்றார். எனக்கு ஓய்வு பெற இரண்டு வருடம் பாக்கி. மகள் அப்போதுதான் காலேஜில் சேர்ந்திருந்தாள். அவர் மேஜையில் ஒரு பேனா ஸ்டாண்ட் இருந்தது, அதையே பார்த்தேன். நீங்கள் எப்படிச் சொன்னாலும் சரி சார் என்றேன்.

பிளாஸ்திரியம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த ஸ்டாண்டிலிருந்தே ஒரு பேனாவை உருவினார். சிவப்பு வரி இரண்டையும் குறுக்கே அடித்தார். கீழே, ‘தவறு எங்களுடையது. வலது கண்ணுக்குப் பதில் இடது கண் ஐந்து மாதம் மூடப்பட்டது. தாய் மேல் எந்தக் குறையும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டார். மெமோ வரும் என்றார் பெரிய டாக்டர். குடுங்க என்று சொல்லிவிட்டு வெளியே போனார். நான் அவர் பின்னால் போனேன், ஆனால் என் கவுண்டர் வந்ததும் உள்ளே நுழைந்து உட்கார்ந்துகொண்டேன்.

பெஞ்சுக்கு முன்னால் அவர் தரையில் உட்கார்ந்தார். எல்லோரும் பார்க்கிற தாழ்வாரம் அது. இத்தனை நாள் எங்கே கத்தினாரோ அங்கேயேதான் சொன்னார். உங்கள் மேல் தப்பில்லை, நாங்கள் தப்பான கண்ணை மூடச் சொல்லிவிட்டோம், நீங்கள் சொன்னதை நான் நம்பியிருக்க வேண்டும், நம்பவில்லை. ஒவ்வொன்றாக, சுற்றி வளைக்காமல் சொன்னார். என் பேரைச் சொல்லவில்லை. முழுக்கத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டார்.

அந்தத் தாய் கேட்டது இதைத்தான்.

“அப்போ இவ பொய் சொல்லலையா?”

“இல்லம்மா.”

“நீங்க சொன்னதை நம்பி இவளை அடிச்சேன் மேடம். அன்னிக்கு வீட்டுக்குப் போய் அடிச்சேன். கழட்டலம்மா, கழட்டலம்மான்னு கத்துனா. இவ கத்தக் கத்த அடிச்சேன்.”

வாயாடி அம்மாவின் கையைப் பிடித்து ஆட்டினாள். நான் சொன்னேன்ல என்றாள். குறையாகச் சொல்லவில்லை, ஒரு விஷயத்தை ஞாபகப்படுத்துகிற குரலில் சொன்னாள். பிளாஸ்திரியம்மா அழுதார். அந்த அழுகையால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை என்பது அவருக்கே தெரிந்திருக்க வேண்டும், சீக்கிரமே நிறுத்திக்கொண்டார். இன்னும் நேரம் இருக்கிறதா என்று அந்தத் தாய் கேட்டாள். இருக்கு, ஆனா முன்னால இருந்த அளவு இல்ல என்றார். பொய்யாகத் தைரியம் சொல்லவில்லை. வலது புருவத்தைத் தொட்டுக் காட்டினார். தாய் அவர் கையிலிருந்த பிளாஸ்திரியை வாங்கித் தானே ஒட்டினாள். ஒட்டிய மறு நிமிஷம் வாயாடி அலறினாள். சுவரைத் தடவினாள், அம்மா எங்கே என்றாள். அம்மா அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

அந்தக் கண் என்ன ஆயிற்று என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றரை வருடம் விடாமல் ஒட்டினார்கள். ஒரு வரியில் இருந்தது ஐந்தாவது வரி வரைக்கும் ஏறியது, அங்கேயே நின்றுவிட்டது. அந்த ஐந்து மாதம் வீணாகாமல் இருந்தால் எட்டு வரியும் வந்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. வந்திருக்காது என்றும் யாராலும் சொல்ல முடியாது. பிளாஸ்திரியம்மாவுக்கு மெமோ வந்தது, பதவி உயர்வு போயிற்று. புகார் மட்டும் வரவில்லை. அறையை யாரும் மூடவில்லை, ஆளும் போடவில்லை. இன்றைக்கும் அவர் கத்துகிறார். ஆனால் கத்துவதற்கு முன்னால் பிளாஸ்திரியைக் கையில் கொடுத்து, வீட்டில் எப்படி ஒட்டுவீர்களோ அப்படி என் முன்னால் ஒட்டுங்கள் என்கிறார். சிவப்புப் பேனா அவர் மேஜையில் இல்லை. வாயாடியின் அம்மா கடைசி வரைக்கும் தேதி தவறாமல் வந்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், சிரிக்கவில்லை. அவள் சிரிக்க வேண்டும் என்று பிளாஸ்திரியம்மாவும் எதிர்பார்க்கவில்லை.

நான் சொல்லாமல் வைத்திருப்பது அந்த நாளின் கடைசிப் பகுதி. அலறுகிற குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போகிற வழியில் அவள் என் கவுண்டர் முன்னால் நின்றாள். ஒரு திருகாணியை முடுக்குகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

“அவங்க தரையில உட்கார்ந்து சொன்னாங்க. ஒட்டினது நீங்கதானே. நீங்க ஏன் வரல?”

பயந்துட்டேம்மா என்றேன். வேறு என்ன சொல்ல? அதுதான் உண்மை.

“நானும்தான் பயந்தேன். இவங்க திட்டினாங்க, எனக்குப் பயம் வந்துச்சு, இவ அடி வாங்கினா. நீங்க பயந்ததுக்கு யாரு அடி வாங்குறது?”

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். வாயாடியின் அழுகை படியிறங்கிப் போகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. நான் எழுந்து பதினேழாம் அறைக்குப் போய்க் கோப்பைக் கேட்டு வாங்கினேன். அவர் கையெழுத்துக்குக் கீழே, ஒட்டியது நான் என்று எழுதி என் பெயரைப் போட்டேன். அதற்காக யாரும் என்னை நல்லவன் என்று சொல்லிவிட வேண்டாம். அவள் கேட்ட பிறகுதான் எழுதினேன்.